சாகுபுரம் பக்கம் எதெல்லாம் சிவப்பு?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் முக்காணி, ஆத்தூர் தாண்டி வருவது சாகுபுரம். 1950களின் இறுதியில் தாரங்கதாரா கெமிக்கல் நிறுவனம் இங்கே காஸ்டிக் சோடா ஆலை அமைத்தபோது உருவான குடியிருப்பு இது. அந்த நிறுவனத்தை நடத்திய சாகு ஜெயின் குடும்பத்தின் பெயரே ஊர்ப்பெயர் ஆயிற்று. ஒரு பக்கம் ஆறுமுகநேரி, இன்னொரு பக்கம் காயல்பட்டினம், இடையிடையே உப்பளம், தெற்கே திருச்செந்தூர், அதற்கு அப்பால் தேரிக்காடு.

இந்த வட்டாரத்தில் மக்கள் ‘செவப்பு’ என்று சொல்கிற பொருள்களை ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். தேரி மண், செவ்விளநீர், செவலை மாடு, வெற்றிலை போட்ட வாய், முற்றிய உப்பளத் தண்ணீர், திருச்செந்தூர்ச் சண்முகருக்கு ஏழாம் திருநாளில் சாத்தும் பட்டு, பெண் பார்க்கப் போன இடத்தில் சொல்லப்படும் ‘செவத்த பிள்ளை’, ஆலையிலிருந்து மூட்டை மூட்டையாகப் போகும் இரும்பு ஆக்சைடு நிறமி, சில நாட்களில் காயல்பட்டினத்துக் கடல். இவற்றுள் எந்த இரண்டையும் அருகருகே வைத்தாலும் ஒரே நிறமாக இராது. செவ்விளநீர் ஆரஞ்சுக்குப் பக்கம். செவலை மாடு பழுப்பு. செவத்த பிள்ளையின் தோலில் சிவப்பே கிடையாது. ஆனாலும் யாரும் யாரையும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை.

தமிழில் நிறச்சொல்லைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் ஒரு குறையாகவே காட்டிவிடுகிறார்கள். நம் மக்களுக்கு நுட்பமான நிறப்பெயர்கள் இல்லை, பழுப்பையும் ஆரஞ்சையும் ரோஸையும் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறார்கள் என்பது அந்தக் குற்றச்சாட்டு. என் எண்ணம் வேறு. ‘சிவப்பு’ என்ற சொல் நிறப்பட்டையில் ஒரு புள்ளியைக் குறிப்பதற்காக உருவானதே இல்லை. ஓர் இனத்துக்குள் இது எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டவே அது பயன்படுகிறது. எந்த இனம் என்று தெரிந்துவிட்டால் சொல்லும் கூர்மையாகிவிடும்.

மாட்டை எடுத்துக்கொள்வோம். செவலை என்றால் மயிலை இல்லை, காரி இல்லை, வெள்ளை இல்லை என்று பொருள். சந்தையில் ஒருவர் செவலைக் காளை என்று சொன்னதும் வாங்க வந்தவர் மனத்தில் குங்குமம் தோன்றுவதில்லை; காய்ந்த செங்கல்லுக்கும் மரப்பட்டைக்கும் இடைப்பட்ட ஒரு பழுப்புத் தோன்றும். தேங்காயில் பச்சை இளநீருக்கு எதிரே நிற்பது செவ்விளநீர். அரிசியில் வெள்ளைக்கு எதிரே சிவப்பரிசி. வாழையில் செவ்வாழை. ஆட்டில் செவ்வாடு, திருநெல்வேலி, இராமநாதபுரம் பக்கத்து நாட்டுச் செம்மறி இனம் இது. இளம்பழுப்பிலிருந்து கரும்பழுப்பு வரை எந்த நிறத்தில் இருந்தாலும் இந்த இன ஆட்டுக்குச் செவ்வாடு என்றே பெயர். ஒவ்வோர் இனமும் தனக்கான எதிர்நிறத்தைத் தன்னோடு கொண்டுவருகிறது. அந்த எதிர்நிறத்தைத் தெரிந்தவருக்கே இந்தச் சிவப்பு விளங்கும்.

பழுப்பு நிறம் தமிழில் எப்படிப் பங்கு போடப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பழுப்பு என்ற சொல் பாடநூலில் இருக்கிறது, பேச்சில் அரிது. பேச்சில் ‘பிரவுன்’ என்பார்கள், காப்பிக் கலர் என்பார்கள், மரக்கலர் என்பார்கள். இவையெல்லாம் துணிக்கும் வண்ணப்பூச்சுக்கும்தான். மண்ணும் விலங்கும் உணவும் என்று வந்தால் பழுப்பின் வெளுத்த பக்கம் சிவப்புக்கும் அடர்ந்த பக்கம் கருப்புக்கும் போய்விடுகிறது. உடன்குடியில் பதநீரைக் காய்ச்சி எடுப்பது கருப்பட்டி. அதை உடைத்து வெளிச்சத்தில் பார்த்தால் நல்ல பழுப்பு. சர்க்கரையின் வெள்ளையோடு வைத்துப் பார்த்த கண்ணுக்கு அது கருப்பு, அவ்வளவுதான். ஏறக்குறைய அதே பழுப்பு ஆட்டின் தோலில் இருந்தால் சிவப்பு. நிறம் ஒன்று, சொல் இரண்டு. இரண்டும் சரியான சொற்களே.

மண்ணில் இந்தப் பாகுபாட்டின்மேல் வரியே போடப்பட்டது. தென்பாண்டி நாட்டுக் குடியானவர் பேச்சில் நிலம் செவல், கரிசல் என்று பிரியும். நெற்கட்டும்செவல், மேலச்செவல் என்று ஊர்ப்பெயர்களிலேயே செவல் உட்கார்ந்திருக்கிறது. பிரிட்டிஷ் காலத்து ரயத்துவாரி நிலவரித் திட்டம் மண்ணைக் கரிசல், சிவப்பு, மணல் என்று பகுத்து, அதற்குள்ளும் களி, வண்டல் கலப்பு, மணல் கலப்பு என்று தரம் பிரித்துத் தீர்வை விதித்தது. இன்றைக்கும் கிராம நிர்வாக அலுவலகத்தில் உள்ள அ-பதிவேட்டில் ‘மண் வயனமும் ரகமும்’ என்று ஒரு பத்தி இருக்கிறது. உழவர் காலால் மிதித்துச் சொன்ன தோராயச் சிவப்பை அரசு எண்ணாக மாற்றிப் புத்தகத்தில் ஏற்றியிருக்கிறது. தோராயச் சொல்லுக்கு நிர்வாகத்தில் இடமில்லை என்று யாராவது சொன்னால், அந்தப் பத்தியைத் திறந்து காட்டலாம்.

முத்து வணிகத்திலும் இதே நடைமுறை இருந்தது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கிடைத்த முத்துகளை 20 துளைத் தட்டு முதல் 1000 துளைத் தட்டு வரை வரிசையாகச் சலித்துப் பருமன் பிரிப்பார்கள். அதன் பிறகு உருட்சியும் ஒளியும் பார்த்துத் தரம் சொல்வார்கள். குறையில்லாதது ஆணி. வடிவம் ஓரளவு நன்றாயிருந்தும் நிறத்தில் சோர்ந்தது மசங்கு. அந்தி மசங்கும் நேரம் என்று நாம் சொல்கிற அதே மசங்கல்தான். மஞ்சளா, சாம்பலா, பாலா என்று எந்த நிறத்தையும் அந்தச் சொல் பெயரிடுவதில்லை. ஆணிமுத்தைக் கையில் வைத்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மட்டும் அது எவ்வளவு தாழ்வு என்று தெரியும். இந்தச் சொல்லை நம்பிப் பெரும்பணம் கைமாறியது. தூத்துக்குடிக் கடலில் கடைசியாக 1961இல் முத்துக்குளித்தார்கள். ஆணிமுத்து என்ற சொல் இன்னும் எல்லோர் வாயிலும் இருக்கிறது. மசங்கு முத்து என்றால் கேட்டறிந்தவர் மிகச் சிலர்.

சிவப்புக்கு இன்னொரு குணம் உண்டு, அதைப் பெயர்ச்சொல்லாக மட்டும் பார்த்தால் தெரியாது. அது வினை. சிவக்கும், சிவந்தது, சிவந்துகொண்டிருக்கிறது. மருதாணி வைத்த கையைக் காலையில் கழுவிவிட்டு ‘செவந்துச்சா?’ என்று கேட்கிறார்கள். அப்போது கையில் இருப்பது ஆரஞ்சு. நாள் ஏற ஏற அது செம்பழுப்பாகும். கேள்வி நிறத்தின் பெயரைப் பற்றியது இல்லை. பற்றியதா, எவ்வளவு பற்றியது என்பதைப் பற்றியது. வெங்காயம் சிவக்க வதக்கு என்று சொல்லும் அம்மாவுக்குத் தேவைப்படுவதும் ஒரு நிலைதான். தோசை சிவக்கிறது, வானம் சிவக்கிறது, அழுத கண் சிவக்கிறது. ஆத்தூர் வெற்றிலை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. சாகுபுரத்துக்கு வடக்கே அடுத்த ஊர்தான் ஆத்தூர். அந்த வெற்றிலையோடு பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்து மென்றால் வாய் சிவக்கும். பாக்கில் உள்ள பாலிபீனால் சேர்மங்கள் சுண்ணாம்பின் காரத்தில் நிறம் மாறுவதே காரணம். சுண்ணாம்பு குறைந்தால் செந்நிறம் எழாது. எனவே ‘நல்லா செவந்திருக்கு’ என்பது கலவை சரியாக அமைந்தது என்ற தீர்ப்பு.

உப்பளத்திலும் அப்படியே. கடல்நீரோ கிணற்று உவர்நீரோ பாத்தி பாத்தியாக வெயிலில் முற்றிவரும். நீரின் அடர்த்தியைக் காட்டும் பாமே அளவையில் 25 பாகை வாக்கில் உப்பு விழத் தொடங்கும். அந்தக் கட்டத்து நீரில் வேறு உயிர்கள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. உப்பை விரும்பும் நுண்ணுயிரிகளும் துனாலியெல்லா என்ற நுண்பாசியும் மட்டும் பெருகும். அவற்றின் உடலில் உள்ள கரோட்டின் வகை நிறமிகளால் பாத்தி ரோஸ் கலரில் தொடங்கிச் செங்கல் நிறம் வரை போகும். தண்ணீர் சிவந்தது என்றால் முற்றியது என்று அர்த்தம். பாமே அளவி கையில் இல்லாத தொழிலாளிக்கும் இந்த அறிகுறி தெரியும்.

இலக்கணமும் இந்த வினைத்தன்மையை அறிந்திருக்கிறது. தொல்காப்பியத்தின் உரியியல் கறுப்பையும் சிவப்பையும் முதலில் வெகுளியைக் குறிக்கும் சொற்களாகவே சொல்கிறது. நிறத்தைக் குறிப்பதற்கும் அவை உரியவை என்பதை அடுத்துத்தான் சேர்க்கிறது. அந்த வரிசை முறை எனக்கு முக்கியமாகப் படுகிறது. முகம் சிவந்தான் என்றால் கோபப்பட்டான். தோலின் நிறம் உண்மையில் மாறியதா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. செம்மை என்ற பண்புப்பெயர் நேர்மைக்கும் ஒழுங்குக்கும் ஆகிவருகிறது. செங்கோலில் சிவப்பு இல்லை, செந்தமிழிலும் இல்லை. அந்த வேர் புணர்ச்சியில் எடுக்கும் உருவங்களும் பல: செம்மண், செவ்வானம், செங்கல், செந்தாமரை, செஞ்சாந்து, சேவடி. கன்னடத்தில் இதே வேர் ககரத்தில் தொடங்கும். அங்கிருந்து வந்த கெம்பு என்ற சொல்லை நகைக்கடையில் நாம் மாணிக்கத்துக்குச் சொல்கிறோம். இத்தனை கிளைகள் விட்ட சொல்லை ஒரு வண்ணச் சதுரத்துக்குள் அடைக்க முடியாது.

இனித் தேரிக்கு வருவோம். குதிரைமொழித் தேரி, சாயர்புரத்துத் தேரி என்று தூத்துக்குடி மாவட்டத்தில் விரிந்து கிடக்கும் செம்மணல் மேடுகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பனையும் உடைமரமும் நிற்க, காற்றில் இடம்பெயரும் மணல் அது. கையில் அள்ளினால் ஒவ்வொரு மணியும் சிவப்பு. ஆனால் அந்த மணியில் பெரும்பங்கு குவார்ட்ஸ். அதன் சொந்த நிறம் வெள்ளை. மணலோடு கலந்திருக்கும் இல்மனைட் முதலிய இரும்புத் தாதுக்கள் பல்லாயிரம் ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து, அவற்றிலிருந்து வெளிப்பட்ட இரும்பு ஹேமடைட்டாக மாறி, குவார்ட்ஸ் மணிகளின்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. அமிலத்தில் கழுவினால் பூச்சு கரைந்து மணல் வெளுத்துவிடும். ஹேமடைட் மிகச் சிறிதளவு இருந்தாலே மண் முழுவதும் சிவந்து தெரியும், அவ்வளவு வலுவான நிறமி அது. இந்தத் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைத் தொல்லியலாளர்கள் ஸாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் ஆராய்ந்து 1956இல் வெளியிட்டார்கள். வேட்டையாடி வாழ்ந்த மனிதர்கள் இந்த மணல்மேடுகளில் தங்கியிருந்தார்கள் என்பது அதனால் உறுதியானது.

மண்ணியலார் இந்தச் சிவப்பை மன்செல் அட்டையோடு ஒப்பிடுவார்கள். அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 1905இல் வகுத்த முறை அது. சாயல், வெளிச்சம், செறிவு என்ற மூன்றையும் எண்ணால் குறித்து, சிறு வண்ணச் சதுரங்களாக ஒட்டிய புத்தகம். வயலில் ஈரமண் கட்டியை அந்தச் சதுரங்களுக்குப் பக்கத்தில் பிடித்து எண்ணைப் படிக்க வேண்டும். அதில் 2.5 ஒய்.ஆர். (மஞ்சள்-சிவப்புச் சாயல்) பக்கத்தில் அடர்ந்த சதுரங்களுக்குச் சிவப்பு என்றே பெயர் உண்டு. 5 ஒய்.ஆர். போனால் மஞ்சள் கலந்த சிவப்பு, செம்பழுப்பு. 7.5க்குப் போனால் பழுப்பு. நாம் செம்மண் என்று அழைக்கும் நிலங்கள் இந்த மூன்று பக்கங்களிலும் பரவிக் கிடக்கின்றன. அதாவது மன்செல் புத்தகத்தின்படி நம் செம்மண்ணில் பெரும்பகுதி சிவப்பு இல்லை. இருந்தும் அந்தப் புத்தகம் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பெயரை நீக்கிவிடவில்லை. எண்ணோடு பெயரையும் அச்சிட்டிருக்கிறது. வயலில் நிற்கும் ஆளுக்கு இரண்டும் வேண்டும் என்பது அதைத் தொகுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில் இருக்கிறது. கார்த்திகை மாதக் கடைசியில் நடக்கும் கள்ளர்வெட்டுத் திருவிழாவில் இளநீர் வெட்டப்பட்டதும், அது சிந்திய செம்மண்ணை அள்ளிக்கொண்டு போக ஆயிரக்கணக்கானவர்கள் நிற்பார்கள். வீட்டிலும் தோட்டத்திலும் வைத்துக்கொள்வதற்காக. அந்த மண்ணின் சிவப்பைச் சொல்ல அவர்களுக்கு எந்த அட்டையும் வேண்டாம்; இது அந்தத் தேரி மண் என்பதே போதும்.

தேரியைச் சிவக்கவைத்த அதே இல்மனைட்தான் சாகுபுரம் ஆலையின் மூலப்பொருள்களில் ஒன்று. கடற்கரைக் கருமணலில் கிடைக்கும் கனிமம் அது. இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த ஆக்சைடு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரும்பைக் கரைத்து வெளியேற்றினால் டைட்டேனியம் மிகுந்த செயற்கை ரூட்டைல் எஞ்சும். வெள்ளை வண்ணப்பூச்சுத் தொழிலுக்கு அது வேண்டும். கரைந்து வெளியேறிய இரும்புக் கரைசலிலிருந்து பின்னாளில் மஞ்சள், சிவப்பு, கருப்பு என்று இரும்பு ஆக்சைடு நிறமிகளைச் செய்யும் பிரிவும் இங்கே வந்தது. இரும்புத் துருவின் நிறம் அதன் படிக அமைப்பைப் பொறுத்தது. நீர் சேர்ந்த கோதைட் மஞ்சள். அதைச் சூளையில் சுட்டு நீரை ஓட்டினால் ஹேமடைட், சிவப்பு. ஆக்சிஜன் குறைந்த மாக்னடைட் கருப்பு. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர்க் குயவர்கள் இரும்பின் இந்தக் குணத்தை வைத்தே கருப்பு-சிவப்பு மட்கலங்களைச் சுட்டார்கள். காற்று பட்ட பக்கம் சிவப்பு, காற்று படாமல் மூடிக்கிடந்த பக்கம் கருப்பு. ஒரே களிமண்.

நிறமித் தொழிலில் தோராயத்துக்கு இடமிருக்காது என்று நினைப்போம். அங்கே 1976இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் வகுத்த லேப் முறை ஆட்சி செய்கிறது. வெளிச்சத்துக்கு ஓர் எண், சிவப்பு-பச்சைக்கு ஓர் எண், மஞ்சள்-நீலத்துக்கு ஓர் எண். இரண்டு மாதிரிகளுக்கு இடையிலான வேறுபாடு 1 அலகு என்றால் பழகிய கண் அரிதாகத்தான் பிடிக்கும். உலக நிறமிப் பட்டியலில் செயற்கை இரும்பு ஆக்சைடுச் சிவப்புக்கு 101 என்ற எண், மண்ணிலிருந்து எடுக்கும் இயற்கைச் சிவப்புக்கு 102. ஆலைச் சிவப்பும் தேரிச் சிவப்பும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்து எண்கள். ஆனால் 101 என்பதும் ஒரே நிறம் இல்லை. துகள் 0.1 மைக்ரோமீட்டர் அளவில் நுண்மையாக இருந்தால் மஞ்சள் வாக்கில் சாயும். 1 மைக்ரோமீட்டரை நெருங்கினால் ஊதா வாக்கில் போகும். விற்பவரும் வாங்குபவரும் அதை ‘மஞ்சள் வாக்குச் சிவப்பு’, ‘நீல வாக்குச் சிவப்பு’ என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். எண்ணை வைத்து ஒப்பந்தம் எழுதிவிட்டு, பேச்சுக்கு மறுபடியும் வாக்குக்கே திரும்புகிறார்கள். வாக்கு என்ற அந்தச் சொல் நம் நாட்டுப்புறப் பேச்சில் நெடுங்காலமாக இருப்பது. மாட்டுத் தரகர் சொல்லும் ‘செவலை வாக்கு’ம் நிறமிப் பொறியாளர் சொல்லும் ‘மஞ்சள் வாக்கு’ம் ஒரே அறிவின் இரண்டு இடங்கள்.

இந்த அறிவை அயலார் தவறாகப் படித்த வரலாறும் இருக்கிறது. 1858இல் பிரிட்டிஷ் அரசியல்வாதி கிளாட்ஸ்டன், ஹோமரின் காவியங்களில் நிறச்சொற்கள் குறைவாகவும் குழப்பமாகவும் இருப்பதைக் கண்டு, பண்டைக் கிரேக்கர்களுக்கு நிறம் பார்க்கும் திறனே முழுமையாக வளரவில்லையோ என்று எழுதினார். மானிடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901-02இல் நீலகிரிக்கு வந்து தோடர்களின் புலனுணர்வைச் சோதித்தார். நீலத்துக்குத் தனிச்சொல் தெளிவாக இல்லாத மக்களுக்கு நீலத்தை உணர்வதிலும் ஏதோ குறை இருக்கலாம் என்ற சிந்தனை அந்தக் காலத்து ஆய்வுகளில் ஓடியது. சொல் குறைவாக இருப்பதற்கும் கண் குறைவாக இருப்பதற்கும் தொடர்பில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. 1969இல் ஆய்வாளர்கள் பெர்லினும் கேயும் 98 மொழிகளை ஒப்பிட்டு, கருப்பு, வெள்ளை இரண்டுக்கு அடுத்தபடியாக மொழிகளில் நிலைபெறும் நிறச்சொல் சிவப்பு என்றார்கள். மூன்றே சொற்கள் உள்ள மொழியில் அந்தச் சிவப்பு மஞ்சளையும் பழுப்பையும் சேர்த்து ஆளும். தமிழில் பிற்பாடு எல்லா நிறங்களுக்கும் சொற்கள் வந்துவிட்டன. ஆனாலும் சிவப்பு தன் பழைய ஆட்சிப் பரப்பைக் கைவிடவில்லை. நான் மேலே எழுதிய செவ்வாடும் செவ்விளநீரும் அந்தப் பரப்பின் எல்லைக்கற்கள்.

பச்சையும் இப்படிப் பரந்த சொல்தான். திருச்செந்தூரில் ஆவணித் திருவிழாவிலும் மாசித் திருவிழாவிலும் ஏழாம் நாள் சண்முகர் சிவப்பு சாத்தி எழுந்தருள்வார். எட்டாம் நாள் வெள்ளை சாத்தி, பிறகு பச்சை சாத்தி. முறையே சிவன், பிரமன், திருமால் ஆகிய மூவரின் அம்சம் என்று சொல்வார்கள். கருமேக வண்ணன், நீலமேனியான் என்று வழங்கப்படும் திருமாலுக்குரியது அங்கே பச்சை. கருப்பும் நீலமும் பச்சையும் ஒரே தெய்வத்தின் மேனியில் சண்டையின்றி இருக்கின்றன. ஜப்பானியர்கள் போக்குவரத்துப் பச்சை விளக்கை நீலம் என்ற சொல்லால்தான் இன்றும் அழைக்கிறார்கள். அவர்களும் சிக்னலில் சரியாகவே வண்டி ஓட்டுகிறார்கள்.

எல்லாத் தோராயச் சிவப்பையும் நான் ஆதரிக்கிறேன் என்று கொள்ள வேண்டாம். மனிதத் தோலின்மேல் ஒட்டிய சிவப்பு தீங்கு செய்கிறது. அங்கும் அதே இலக்கணம்தான் வேலை செய்கிறது: ‘கருப்பு’க்கு எதிர்ப்பக்கம் ‘சிவப்பு’, இடையில் மாநிறம். மாந்தளிரின் நிறம் என்பது மாநிறத்துக்கு அகராதி தரும் விளக்கம். சங்க இலக்கியம் மாமை என்று அழகாகவே கொண்டாடிய நிறம் அது. இன்றைய பேச்சில் மாநிறம் என்பது கருப்பு என்று சொல்லத் தயங்கும் இடத்தில் வரும் சமாதானச் சொல். ஆட்டில் செவ்வாடு என்பது வெறும் அடையாளம். பெண்ணில் செவப்பு என்பது மதிப்பெண் ஆகிவிடுகிறது. முகப்பூச்சு விளம்பரங்கள் ‘சிவப்பழகு’ என்று ஒரு சொல்லையே உண்டாக்கி வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தன. அந்தப் பெயரில் விற்ற புகழ்பெற்ற பூச்சு ஒன்று 1975இல் சந்தைக்கு வந்து, 2020இல்தான் தன் ஆங்கிலப் பெயரை மாற்றிக்கொண்டது. தமிழில் அந்தச் சொல் இன்னும் மாறவில்லை. திருமணப் பேச்சிலிருந்து இந்த ஒரு பயன்பாடு ஒழிய வேண்டும். அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

கடைசியாகக் கடல். சாகுபுரத்துக்குக் கிழக்கே, காயல்பட்டினம் கடற்கரையில் தண்ணீர் சிவந்து தெரிவதாக உள்ளூர் மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்திருக்கிறார்கள். ஆலையின் விரிவாக்கத்துக்கு எதிராக அவர்களின் அமைப்பு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வையும் அணுகியது. எந்த நாள் சிவப்புக்கு எது காரணம் என்று தீர்ப்பது நீர்மாதிரிகளின் வேலை. என் அக்கறை அந்த முறையீட்டின் மையச் சொல்லைப் பற்றியது. ‘கடல் செவப்பா இருக்கு’ என்று ஒரு மீனவர் சொன்னால், அதை அலுவலகம் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும்?

சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள், 1986இன் ஆறாம் அட்டவணை கழிவுநீருக்கான பொது வரம்புகளைத் தருகிறது. அமில-காரக் குறியீடு 5.5 முதல் 9 வரை, இரும்பு லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்று எண்கள் அடுக்கிய அந்த அட்டவணையில் நிறத்துக்கு மட்டும் எண் கிடையாது. நிறத்தையும் கெட்ட வாடையையும் இயன்ற மட்டும் நீக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்ற கருத்தில் ஒரு வரி இருக்கிறது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஹேசன் என்ற நிற அலகில் 5 என்று வரம்பு வைக்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 15 வரை. ஆனால் ஹேசன் முறை மஞ்சள், பழுப்பு வாக்கில் உள்ள நீருக்காக 1892இல் அமைத்தது. சிவந்த கடலை அதில் வைத்து அளந்தால் விடை பொருந்தாது. ஆக, சட்டமே நிறத்தைப் பொறுத்தவரை தோராயமாகத்தான் பேசுகிறது. மீனவரின் சொல் தோராயமானது என்று தள்ளிவிடும் உரிமை அதற்கு இல்லை.

இரும்பின் வேதியியலும் இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது. பெரஸ் நிலையில் உள்ள இரும்புக் கரைசல் வெளிர்ப்பச்சையாக இருக்கும். பெரிக் நிலையில் மஞ்சள், பழுப்பு. அமிலத்தில் கரைந்திருக்கும் இரும்பு எதுவாயினும், லேசான காரத்தன்மை உள்ள கடல்நீரோடும் காற்றோடும் சேரும்போது துருவாகத் திரண்டு செந்நிறப் படிவாகும். எனவே குழாய் வாயில் எடுத்த புட்டியில் நிறம் ஒன்றாகவும், சற்றுத் தள்ளிக் கரையில் நிற்பவர் பார்க்கும் நிறம் வேறாகவும் இருக்க முடியும். இரண்டு சாட்சிகளும் உண்மையையே சொல்லலாம். எங்கே, எப்போது பார்த்தது என்பதைச் சேர்த்து எழுதாவிட்டால் இருவரில் ஒருவர் பொய்யராகிவிடுவார்.

அதோடு, கடற்கரை மக்களிடம் சிவப்பு ஒன்றே சொல் இல்லை. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் வடிந்து கடலில் சேர்ந்த நீரும் செந்நிறம்தான். அதற்கு மக்கள் சொல்வது கலங்கல். ஆற்று மண் கலந்தது, சில நாளில் தெளியும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தெளிந்த வானில், மழை இல்லாத நாளில், கலங்கல் என்று சொல்லாமல் ஒருவர் சிவப்பு என்று சொன்னால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே சொல்கிறார். விசாரிக்க வருகிறவர் அந்தத் தேர்வைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நல்ல மருத்துவர்கள் இதை அன்றாடம் செய்கிறார்கள். சிறுநீர் மஞ்சளாகப் போகிறது என்று நோயாளி சொன்னால், வெளுத்த எண்ணெய் மாதிரியா, தேயிலை டிகாஷன் மாதிரியா என்று திருப்பிக் கேட்பார்கள். நோயாளியின் சொல்லை மறுக்காமல், அவருக்குத் தெரிந்த பொருளை வைத்தே கூர்மையாக்குவார்கள். பிறகு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். கடலுக்கும் அதையே செய்யலாம். தேரி மண் போலவா, செங்கல் பொடி போலவா, தேயிலைத் தண்ணீர் போலவா என்று கேட்டு, மக்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதி, நேரமும் இடமும் காற்றின் திசையும் குறித்து, அதே மணி நேரத்தில் அதே இடத்தில் நீரெடுத்து இரும்பை அளக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முறையீட்டுப் படிவத்தில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கினால் போதும். வருவாய்த் துறை மண்ணுக்கு ஒதுக்கியிருக்கிறதே, அதைப் போல.

அகராதி தொகுப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. சிவப்பு என்ற பதிவின் கீழ் செந்நிறம் என்று எழுதி முடிக்காதீர்கள். மாட்டில் எது, மண்ணில் எது, இளநீரில் எது, உப்பளத்தில் எது, எதற்கு எதிராக எது என்று தொழில் வாரியாக, வட்டாரம் வாரியாகச் சேகரித்து எழுதுங்கள். உப்பளத்தில் வேலை செய்த மூத்த பெண்களும், பனையேறிகளும், மாட்டுத் தரகர்களும் இன்னும் ஆறுமுகநேரியிலும் உடன்குடியிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் இப்போதே போய்க் கேட்க வேண்டும்.